சார்லஸ் ஏப்ரம்ஸ்: ஊருக்காக வாதாடிய சொத்து வக்கீல்

நம்மில் வீடு வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு வக்கீலைத் தெரிந்திருக்கும். தாய்ப்பத்திரத்தைப் புரட்டி, வில்லங்கச் சான்றை வரிவரியாகப் பார்த்து, பட்டாவும் பத்திரமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்து, தாராளமாக வாங்கலாம் என்று சொன்னவர். பதிவு முடிந்து சாவி கைக்கு வந்ததும் அவரை மறந்துவிடுவோம். நம்மைப் பொறுத்தவரை அவர் வேலை அந்த ஒரு வீட்டோடு முடிந்தது.

அப்படிப் பத்திரமும் குத்தகையும் பார்த்துத் தொழில் தொடங்கிய ஒரு வக்கீலின் கதை இது. ஆனால் அவர் வேலை ஒரு வீட்டோடு நிற்கவில்லை. ஏழைகளுக்கு வீடு கட்டுவதற்காக அரசு ஒருவரின் நிலத்தை எடுக்கலாமா என்ற கேள்வியை நியூயார்க் நீதிமன்றத்தில் நடத்தி ஜெயித்தார். பிறகு, தாம் ஜெயித்துக் கொடுத்த அதே அதிகாரம் ஏழைகளையே வெளியேற்றப் பயன்பட்டதைக் கண்டு, மீதி வாழ்நாளை அதை எதிர்ப்பதில் செலவிட்டார். அவர் பெயர் சார்லஸ் ஏப்ரம்ஸ். நகரத் திட்டமிடல் படித்தவர்கள் நன்கு அறிந்த பெயர். குடியிருப்போர் சங்கம் நடத்தும் நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

புரூக்ளினில் வளர்ந்த பையன்

ஏப்ரம்ஸ் 1902-ல் வில்னாவில் பிறந்தார். இன்று லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸ் அன்று ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. யூதக் குடும்பம். பையனுக்கு இரண்டு வயது இருக்கும்போது, 1904-ல், குடும்பம் கப்பலேறி அமெரிக்கா சென்றது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வில்லியம்ஸ்பர்க் என்ற இடத்தில் குடியேறியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. சின்ன வீட்டில் பெரிய குடும்பம் இருப்பது என்றால் என்ன என்பதை ஏப்ரம்ஸ் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

வேலை பார்த்துக்கொண்டே புரூக்ளின் சட்டக் கல்லூரியில் படித்தார். 1920-களின் தொடக்கத்தில் வக்கீலானார். சிவில் உரிமை வழக்குகளுக்குப் பெயர்பெற்ற ஆர்தர் கார்ஃபீல்ட் ஹேஸ் என்ற வக்கீலின் அலுவலகத்தில் சில காலம் வேலை பார்த்தார். பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

அந்தப் பத்தாண்டில் நியூயார்க்கில் நிலமும் கட்டடமும் தங்கம்போல் விலை போயின. ஏப்ரம்ஸ் பிடித்துக்கொண்டது அந்தத் துறையைத்தான். விற்பனை ஒப்பந்தம், அடமானம், குத்தகை எல்லாம் அவருக்கு அத்துப்படி. பிறருக்குப் பத்திரம் பார்த்ததோடு நிற்காமல், கிரீனிச் வில்லேஜ் பகுதியில் தாமே கட்டடங்கள் வாங்கினார், விற்றார். நல்ல லாபமும் பார்த்தார். முப்பது வயதுக்குள் வசதியான மனிதராகிவிட்டார். 1928-ல் ரூத் என்ற ஓவியரைத் திருமணம் செய்துகொண்டு அதே கிரீனிச் வில்லேஜில் குடியேறினார்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏழைகளின் வீட்டுக்காகப் போராடியவர்களில் பாதிரியார்கள் உண்டு, சமூக சேவகர்கள் உண்டு, தொழிற்சங்கத்தினர் உண்டு. நிலத்தை வாங்குகிறவன் எப்படிக் கணக்குப் போடுவான், வங்கிக்காரன் எதைப் பார்த்துக் கடன் தருவான், கட்டடச் சொந்தக்காரன் எங்கே பிடிவாதம் பிடிப்பான் என்பதெல்லாம் உள்ளிருந்து தெரிந்தவர்கள் அவர்களில் அதிகம் இல்லை. ஏப்ரம்ஸுக்குத் தெரியும்.

ஒண்டுக்குடித்தன நகரம்

1930-களின் நியூயார்க்கை நாம் வானுயர்ந்த கட்டடங்களின் நகரமாக நினைக்கிறோம். அந்தக் கட்டடங்களுக்குச் சில தெருக்கள் தள்ளி, லோயர் ஈஸ்ட் சைடு போன்ற பகுதிகளில் லட்சக்கணக்கானோர் பழைய அடுக்கு வீடுகளில் ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள். குறுகிய மனையில் ஐந்து, ஆறு மாடி. தெருவைப் பார்த்த அறைக்கு மட்டும் வெளிச்சம். நடு அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை. காசநோய் பரவும், தீப்பிடித்தால் தப்பிக்க வழி இருக்காது.

இவற்றைச் சீர்திருத்தப் பல சட்டங்கள் வந்தன. ஆனால் ஒரு தனியார் முதலாளி ஏழை கொடுக்கக்கூடிய வாடகைக்கு நல்ல வீடு கட்டினால் அவருக்குக் கட்டுப்படியாகாது. இந்த எளிய கணக்கை எந்தச் சட்டமும் மாற்ற முடியவில்லை. அப்படியானால் அரசுதான் கட்ட வேண்டும். அதற்கு ஒரு அமைப்பு வேண்டும், அந்த அமைப்புக்கு அதிகாரம் வேண்டும்.

1934-ல் ஃபியோரெல்லோ லா கார்டியா நியூயார்க் மேயரானார். அதே ஆண்டு மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நகரங்கள் தங்களுக்கென வீட்டுவசதி ஆணையம் அமைத்துக்கொள்ளலாம் என்றது அது. சட்டத்தை எழுதுவதில் ஏப்ரம்ஸுக்கு முக்கியப் பங்கு. அதன்படி உருவான நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையத்தின் முதல் வக்கீலும் அவர்தான்.

ஆணையத்துக்குப் பெயர் இருந்தது, கையில் பணம் இல்லை. முதல் திட்டத்துக்கு ஈஸ்ட் மூன்றாம் தெருவும் அவென்யூ ஏ-யும் சந்திக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்த பழைய கட்டடங்களில் பல வின்சென்ட் ஆஸ்டர் என்ற பெரும் பணக்காரருக்குச் சொந்தம். ரொக்கத்துக்குப் பதிலாக ஆணையத்தின் கடன் பத்திரங்களைப் பெற்றுக்கொண்டு அவர் விற்றுவிட்டார்.

ஆனால் நடுவே இரண்டு கட்டடங்கள் ஆண்ட்ரூ முல்லர் என்பவருடையவை. அவர் விற்க மறுத்துவிட்டார்.

முல்லர் வழக்கு

அரசு தனியார் நிலத்தை எடுக்கலாம், ஆனால் பொதுப் பயனுக்காக மட்டுமே எடுக்கலாம், நியாயமான இழப்பீடும் தர வேண்டும். அமெரிக்க அரசியல் சட்டத்தின் அடிப்படை விதி அது. ரோடு போட எடுக்கலாம், பள்ளிக்கூடத்துக்கு எடுக்கலாம், பூங்காவுக்கு எடுக்கலாம். இவற்றை எல்லோரும் பயன்படுத்துவார்கள்.

வீடு அப்படியா? வீடு கட்டினால் அதில் குடியிருப்பது குறிப்பிட்ட சில குடும்பங்கள். என் கட்டடத்தைப் பிடுங்கி வேறு யாரோ சிலரைக் குடிவைப்பது எப்படிப் பொதுப் பயன் ஆகும் என்பதுதான் முல்லர் தரப்பின் கேள்வி. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1935-ல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்து வழக்கு ஒன்றில், மத்திய அரசு வீடு கட்டுவதற்காக நிலம் எடுக்க முடியாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லியிருந்தது.

ஏப்ரம்ஸ் தரப்பு வேறு வழியில் போனது. பயன் யாருக்கு என்பதை அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. இருட்டு அறையில் தொடங்கும் காசநோய் அந்தத் தெருவோடு நிற்பதில்லை. தீ பக்கத்துத் தெருவுக்கும் பரவும். குற்றமும் மருத்துவச் செலவும் நகரம் முழுவதன் தலையில் விழும். தனியார் செய்ய முடியாததை, ஊரின் ஆரோக்கியத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் அரசு செய்தால் அது பொதுப் பயன்தான்.

கீழமை நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டட வேலை நடந்தது. முதலில் மூன்றுக்கு ஒரு கட்டடத்தை இடித்து, காற்றும் வெளிச்சமும் வரச் செய்து, மற்றவற்றைப் புதுப்பிப்பது என்றுதான் திட்டம். வேலையில் இறங்கிய பிறகு, மிச்சமிருந்தவற்றையும் ஏறக்குறைய புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது தெரிந்தது. 1935 டிசம்பரில் திறப்பு விழா. குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வந்திருந்தார். எட்டுக் கட்டடங்களில் சுமார் 120 வீடுகள். ஃபர்ஸ்ட் ஹவுசஸ் என்று பெயர்.

1936-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றமும் முல்லரின் வாதத்தைத் தள்ளியது. நெரிசல் குடியிருப்புகளை அகற்றிக் குறைந்த வாடகை வீடு கட்டுவது பொதுப் பயனே என்றது. லூயிவில் தீர்ப்பால் மத்திய அரசுக்கு அடைபட்ட வழி, மாநிலங்களுக்கும் உள்ளூர் ஆணையங்களுக்கும் திறந்தது. மறு ஆண்டே, 1937-ல், உள்ளூர் ஆணையங்கள் கட்டுவதற்கு மத்திய அரசு பணம் தருகிற வீட்டுவசதிச் சட்டம் வந்தது.

ஏப்ரம்ஸுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஒரு சொத்து வக்கீலுக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடைப்பது அரிது. 1937-ல் அவர் ஆணையத்தை விட்டு விலகினார். நிலத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், கல்லூரிகளில் வகுப்பெடுத்தார். கதை இத்தோடு முடிந்திருந்தால் அது ஒரு நல்ல மனிதரின் வெற்றிக் கதையாக மட்டும் இருந்திருக்கும்.

அதே அதிகாரம், வேறு கை

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-ல் நியூயார்க் நகரம் ஓர் ஒப்பந்தம் போட்டது. மன்ஹாட்டனின் கிழக்கே 14-ஆம் தெருவுக்கும் 20-ஆம் தெருவுக்கும் இடையில் பதினெட்டு பிளாக்குகள். அங்கே சுமார் 3,000 குடும்பங்கள் வாழ்ந்தன. நகரம் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி நிலத்தை எடுத்துக் கொடுக்கும். மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம் அங்கே பெரிய குடியிருப்பு கட்டும். புதிய கட்டடங்களின் மதிப்புக்கு 25 ஆண்டுகள் சொத்து வரி கிடையாது. நடுவே இருந்த பொதுத் தெருக்களும் குடியிருப்புக்குள் போய்விடும்.

இதுதான் ஸ்டைவசன்ட் டவுன். 8,700-க்கும் மேற்பட்ட வீடுகள், நடுவில் புல்வெளி, மரங்கள். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு முன்னுரிமை. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. கறுப்பினத்தவருக்கு மட்டும் அங்கே வீடு கிடையாது. நிறுவனத்தின் தலைவர் இதை மறைக்கவும் இல்லை, வெளிப்படையாகவே சொன்னார்.

ஏப்ரம்ஸுக்கு இது நெஞ்சில் தைத்தது. பொது அதிகாரத்தால் நிலம் எடுக்கலாம் என்று வாதாடி வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்த அதிகாரத்தில் எடுத்த நிலத்தில், ஊராரின் வரிச் சலுகையில் எழுந்த கட்டடத்தில், ஊராரில் ஒரு பகுதியினர் நுழைய முடியவில்லை.

போரில் பணியாற்றிய ஜோசப் டோர்சியும் வேறு இரு கறுப்பின வீரர்களும் 1947-ல் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்காக வாதாடிய வக்கீல்களில் ஏப்ரம்ஸும் ஒருவர். வாதம் எளியது: நிலம் அரசு எடுத்துக் கொடுத்தது, வரியை அரசு விட்டுக் கொடுத்தது. ஆகவே இதைத் தனியார் விவகாரம் என்று சொல்ல முடியாது. அரசு பாகுபாடு காட்டக் கூடாதென்றால் அரசின் தயவில் கட்டியவரும் காட்டக் கூடாது.

1949-ல் தீர்ப்பு வந்தது. முல்லர் வழக்கில் ஏப்ரம்ஸ் ஜெயித்த அதே மேல்முறையீட்டு நீதிமன்றம். இம்முறை நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தோல்வி. நிறுவனம் தனியார்தான், யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது அதன் விருப்பம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். மறு ஆண்டு, வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

நம் சங்கத்து வாசகர்கள் கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது. வழக்கு தோற்றாலும் விஷயம் ஓயவில்லை. ஸ்டைவசன்ட் டவுனுக்குள் குடியிருந்த வெள்ளையர்களே ஒரு குழு அமைத்து, இந்தத் தடையை நீக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். குழுவின் முன்னணியில் இருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகம் நோட்டீஸ் கொடுத்தது. அவர்கள் அசையவில்லை. நகர மன்றமும் இறங்கிவந்தது. நகரத்தின் உதவி பெற்ற குடியிருப்புகளில் இனப் பாகுபாடு கூடாது என்று 1951-ல் சட்டம் போட்டது. நீதிமன்றத்தில் கிடைக்காதது குடியிருப்போரின் பிடிவாதத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது.

பத்திரத்தில் எழுதிய சுவர்

ஸ்டைவசன்ட் டவுன் ஒரு தனிக் கதை அல்ல என்பது ஏப்ரம்ஸுக்குத் தெரியும். அமெரிக்காவின் பல நகரங்களில் கிரயப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. இந்த மனையைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது என்று இருக்கும். சில பத்திரங்களில் யூதர்களின் பெயரும் இருக்கும். ஒருவர் கையெழுத்துப் போட்டால் அவருக்குப் பின் வாங்குகிற அத்தனை பேரையும் அது கட்டுப்படுத்தும்.

இதைத் தனி மனிதர்களின் வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. 1934-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் வீட்டுக் கடன் காப்பீட்டு நிர்வாகம், அப்படிப்பட்ட நிபந்தனைகள் இருப்பது நல்லது என்று தன் கையேட்டிலேயே சொல்லியிருந்தது. அரசு காப்பீடு தந்தால்தான் வங்கி கடன் தரும். நிபந்தனை இருந்தால் காப்பீடு சுலபம். ஆக, ஒரு இனத்தாரைத் தள்ளி வைத்தவருக்கு அரசே மலிவுக் கடன் கிடைக்க வழி செய்தது.

இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றம் அமல்படுத்த முடியாது என்று 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரத்திலிருந்த வரி செல்லாமல் போனது. ஆனால் பழக்கம் போகவில்லை. சொத்துத் தரகர்கள், வங்கிகள், உள்ளூர் மனை விதிகள் என்று அதே சுவர் வேறு வேறு உருவில் நின்றது.

1955-ல் ஏப்ரம்ஸ் இதையெல்லாம் திரட்டி ஒரு புத்தகம் எழுதினார். ஃபர்பிட்டன் நெய்பர்ஸ் என்று பெயர். தடுக்கப்பட்ட அண்டை வீட்டார் என்று சொல்லலாம். கறுப்பினத்தவர் குடிவந்தால் அந்தத் தெருவில் சொத்து மதிப்பு விழுந்துவிடும் என்பது அன்று தரகர்கள் வேதவாக்குப்போல் சொல்லிவந்த விஷயம். கட்டடம் வாங்கி விற்றுப் பழகிய ஏப்ரம்ஸ் அதை நெறிமுறைப் பேச்சோடு விட்டுவிடவில்லை. விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று அலசி, அப்படியொரு பொது விதி இல்லை என்று காட்டினார். பயத்தைக் கிளப்பி மலிவாக வாங்குகிறவர்கள்தான் பல இடங்களில் விலையை விழச் செய்கிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது.

அதே ஆண்டு ஆளுநர் ஆவெரல் ஹாரிமன், நியூயார்க் மாநிலப் பாகுபாடு ஒழிப்பு ஆணையத்தின் தலைவராக அவரை நியமித்தார். 1959 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பிறகு வீட்டு வசதியில் பாகுபாட்டை எதிர்த்த தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். மத்திய அரசின் உதவி பெறும் வீடுகளில் பாகுபாட்டைத் தடை செய்து 1962-ல் ஜான் கென்னடி ஆணை பிறப்பித்ததற்கு, இந்தக் குழு போன்றவை ஆண்டுக்கணக்கில் கொடுத்த நெருக்குதலும் ஒரு காரணம்.

புல்டோசர் காலம்

1949-ல் அமெரிக்காவில் புதிய வீட்டுவசதிச் சட்டம் வந்தது. பாழடைந்த பகுதி என்று நகராட்சி அறிவித்த நிலத்தை எடுத்து, கட்டடங்களை இடித்து, தனியார் கட்டுநருக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம். அதில் ஏற்படும் நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்கும். நியூயார்க்கில் இந்தத் திட்டம் ராபர்ட் மோசஸ் கையில் இருந்தது. பாலங்கள், நெடுஞ்சாலைகள், பூங்காக்கள் என்று நகரத்தையே மாற்றியமைத்த, யாரும் எதிர்த்துப் பேசத் தயங்கிய அதிகாரி.

ஏழைகள் இருந்த தெருக்கள் இடிந்தன. அங்கே எழுந்தவற்றில் பெரும்பகுதி அவர்கள் வாடகை கொடுக்க முடியாத வீடுகள். வெளியேறியவர்கள் அடுத்த ஒண்டுக்குடித்தனத்துக்குப் போனார்கள், அங்கே நெரிசல் கூடியது. ஏழைக்கு வீடு கட்டுவதற்காக நீதிமன்றம் ஒப்புக்கொண்ட அதிகாரம், இப்போது ஏழையை அப்புறப்படுத்தும் அதிகாரமாகிவிட்டது.

இந்த இடத்தில் ஏப்ரம்ஸ் எடுத்த நிலைதான் அவரைப் பெரிய மனிதராக்குகிறது. அரசு நிலமே எடுக்கக் கூடாது என்று அவர் தலைகீழாக மாறவில்லை. எல்லாம் முன்னேற்றத்துக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. அதிகாரம் வேண்டும், ஆனால் எடுக்கும் முன்பே இரண்டு கணக்கு காட்ட வேண்டும் என்றார். அங்கே இருப்பவர்கள் எங்கே போவார்கள்? புதிதாக வரப்போகிறவர்கள் யார்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத திட்டத்தைப் பொதுப் பயன் என்று சொல்லக் கூடாது என்பது அவர் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்து.

அவர் வாசலுக்கே இந்தப் பிரச்சினை வந்தது. கிரீனிச் வில்லேஜின் நடுவே வாஷிங்டன் சதுக்கம் என்ற பூங்கா இருக்கிறது. அதன் ஊடாக அகலமான ரோடு போட மோசஸ் திட்டமிட்டார். அந்த வட்டாரத்துத் தாய்மார்களும் குடியிருப்போரும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். பின்னாளில் நகரங்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஜேன் ஜேகப்ஸ் அவர்களில் ஒருவர். ஏப்ரம்ஸும் சேர்ந்துகொண்டார், 1958-ல் கூட்டத்தில் பேசினார், அந்தப் பேச்சு உள்ளூர் வாரப் பத்திரிகையிலும் வந்தது. சாதாரணக் குடியிருப்போர் தங்கள் நகரத்தை மீட்க எழுந்துவிட்டார்கள் என்பது அதன் சாரம். ரோடு வரவில்லை. அதற்கு முன் பூங்காவுக்குள் போய்வந்த வாகனங்களும் நிறுத்தப்பட்டன. நியூயார்க் போகிறவர்கள் இன்றும் அந்தப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

கூரைக் கடன்

1950-களிலிருந்து ஐக்கிய நாடுகள் சபை ஏப்ரம்ஸைப் பல நாடுகளுக்கு அனுப்பியது. 1954-ல் கோல்ட் கோஸ்ட் சென்றார். மூன்று ஆண்டுகள் கழித்து விடுதலை பெற்றுக் கானா ஆன நாடு. அவரோடு சென்ற இருவரில் ஒருவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். அதற்கு முன் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராகவும், விடுதலைக்குப் பின் இந்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராகவும் இருந்து, புவனேஸ்வர் நகரத்தைத் திட்டமிட்டவர். நம் நாட்டுக் கிராமங்களையும் நகரங்களையும் நேரில் அறிந்தவர்.

அங்கே அரசு, அயல்நாட்டு நிறுவனத்தின் ஆயத்த கான்கிரீட் வீடுகளை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. அந்த வீட்டை அங்கே பெரும்பாலோர் வாங்க முடியாது. மக்கள் ஏற்கெனவே தாங்களாகவே வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் கவனித்தது. மண் கிடைக்கிறது, சுவர் எழுப்பத் தெரியும், உறவினர் உதவிக்கு வருவார்கள். கூரைக்கு மட்டும் கையில் காசு வேண்டும். காசு இல்லாததால் சுவரோடு நின்றுபோகும், மழையில் கரையும்.

குழு சொன்ன யோசனை கூரைக் கடன். முழு வீட்டுக்கும் கடன் வேண்டாம். சுவரை அவர்களே கட்டட்டும். கூரைக்கும் கதவு, ஜன்னலுக்கும் மட்டும் சிறு கடன். கிராமத்தில் ஒரு வீட்டுவசதிச் சங்கம் அமைத்து, அந்தச் சங்கம் மூலம் கடன் போகும், தவணையும் அதன் மூலம் திரும்பும். திரும்பி வந்த பணம் அடுத்த வீட்டின் கூரையாகும். பின்னாளில் பல ஏழை நாடுகளில் வந்த சிறு வீட்டுக் கடன் திட்டங்களுக்கு இது ஒரு முன்னோடி.

துருக்கியில் வேறு பாடம். கிராமத்திலிருந்து வந்தவர்கள் நகர ஓரங்களில் இரவோடிரவாகக் குடிசை போட்டுவிடுவார்கள். பொழுது விடிவதற்குள் கூரை ஏறிவிட்டால், வழக்குப் போடாமல் இடிக்க முடியாது. இதற்கு வெளிநாட்டு நிபுணர் ஒருவர் வந்து அறிக்கை எழுதிக் கொடுப்பதால் பயனில்லை என்று ஏப்ரம்ஸ் கண்டார். அந்த நாட்டிலேயே திட்டமிடுகிறவர்களைப் பயிற்றுவிக்க ஒரு கல்விக்கூடம் வேண்டும் என்று பரிந்துரைத்தார். அந்த விதையிலிருந்து 1956-ல் அங்காராவில் முளைத்ததுதான் மத்தியக் கிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இன்று துருக்கியின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் ஒன்று.

1963-ல் கோனிக்ஸ்பெர்கருடனும் சுசுமு கோபேயுடனும் சிங்கப்பூர் சென்றார். நகரைப் புதுப்பிப்பது என்றால் எல்லாவற்றையும் இடித்துக் கட்டுவது என்று பொருள் அல்ல என்று அந்தக் குழு சொன்னது. நல்லதைக் காப்பாற்று, பழுதானதைச் சரிசெய், முடியாததை மட்டும் புதிதாகக் கட்டு. மூன்றும் சேர்ந்ததுதான் புதுப்பித்தல். நியூயார்க்கில் பட்ட அனுபவம் இந்த யோசனையில் தெரிகிறது.

கடைசி ஆண்டுகள்

இந்தப் பயணங்களில் கண்டதை 1964-ல் ஒரு புத்தகமாக எழுதினார். ஏழை நாடுகளின் நகரங்களில் தலைக்கு மேல் ஒரு கூரைக்காக மனிதர்கள் படும் பாட்டைப் பற்றியது அது. 1965-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் துறைக்குத் தலைவரானார். வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1968-ல் வந்ததைப் பார்க்கும்வரை இருந்தார். 1970 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கில் காலமானார். வயது 67.

அவர் முதல் வக்கீலாக இருந்த ஆணையம் இன்றும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளை நடத்துகிறது. அவற்றில் பல பழுதுபார்ப்புக்குப் பணமில்லாமல் திண்டாடுகின்றன என்பதும் உண்மை. ஃபர்ஸ்ட் ஹவுசஸ் இன்றும் நிற்கிறது, நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக. அங்கே இப்போதும் குடும்பங்கள் வாழ்கின்றன.

சங்கக் கூட்டங்களில் நாமும் பொது நன்மை என்ற சொல்லை அடிக்கடி சொல்கிறோம். வாயில் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவது, பூங்காவுக்குள் யாரை விடுவது, வீட்டை யாருக்கு வாடகைக்கு விடலாம், யாருக்குக் கூடாது என்று தீர்மானம் போடும்போதெல்லாம் அந்தச் சொல் வரும். அந்தச் சொல்லுக்காகவே ஒரு பெரிய வழக்கை நடத்தி ஜெயித்தவர் ஏப்ரம்ஸ். ஜெயித்த பிறகும், அந்தப் பொதுவில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று கேட்பதை அவர் நிறுத்தவில்லை. அடுத்த பொதுக்குழுவில் கை தூக்கும் முன் நாமும் அந்தக் கேள்வியை ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.